சென்னையிலிருந்து இருட்டு வானத்துக்கு வழி

தை மாதத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில், ஏறக்குறையச் சம இடைவெளியில் நிற்கும். அவற்றைச் சுற்றி நான்கு மூலைக்கு நான்கு நட்சத்திரங்கள். ஓரியன் என்று சொல்கிறார்களே, அந்தக் கூட்டம் இதுதான். மூலையில் இருப்பவற்றில் சிவப்பாகத் தெரிவது நம் திருவாதிரை. இப்போது அந்த நான்கு மூலைக்குள்ளே எத்தனை நட்சத்திரங்கள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். கோடம்பாக்கத்திலோ தாம்பரத்திலோ நின்றால் நடுவில் உள்ள மூன்றோடு கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். நல்ல இருட்டில் நின்றால் பதினைந்து, இருபது என்று போய்க்கொண்டே இருக்கும்.

இந்த எண்ணிக்கையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த ஊருக்குப் போனாலும் காசில்லாத அளவுகோல் இதுதான்.

மற்ற நட்சத்திரங்கள் எங்கேயும் போகவில்லை. தெருவிளக்கு, கடை போர்டு, விளம்பரப் பலகை, மைதானத்து ஃபிளட்லைட் என்று எல்லாவற்றிலிருந்தும் மேலே போகும் வெளிச்சம் காற்றிலுள்ள மூலக்கூறு, தூசி, ஈரப்பதம் ஆகியவற்றில் பட்டுச் சிதறி நம் பக்கமே திரும்பி வருகிறது. வானம் முழுக்க மெல்லிய பால் பூசிய மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பூச்சைவிட மங்கலான எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதைத்தான் ஒளிமாசு என்கிறோம். பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளுக்குப் பதிலாக வெள்ளை எல்ஈடி வந்தபோது இந்தப் பூச்சு இன்னும் வெளுத்தது. நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். எல்ஈடியின் நீலப் பகுதி சோடியம் மஞ்சளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு சிதறுகிறது. பகலில் வானம் நீலமாக இருப்பதற்கும் காரணம் இதே சிதறல்தான்.

இன்றைக்கு நம்ப முடியாத ஒரு விஷயம்: சென்னை நுங்கம்பாக்கத்திலேயே ஒரு வானாய்வகம் இருந்தது. 1792 முதல் அங்கே நட்சத்திரங்களை அளந்துகொண்டிருந்தார்கள். 1861-இல் நார்மன் போக்சன் அங்கிருந்துதான் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். பிறகு வேலை கோடைக்கானலுக்குப் போனது, அங்கிருந்து ஜவ்வாது மலையின் காவலூருக்கு, அப்புறம் லடாக்கின் ஹான்லேவுக்கு. வானியலாளர்களே இரண்டு நூற்றாண்டாக இருட்டையும் தெளிந்த வானத்தையும் தேடி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஹான்லேவுக்கு நாம் வார இறுதியில் போய்வர முடியாது. காரில் போய்வரக்கூடிய தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் தூரக் கணக்கு. 1970-களில் மெர்ல் வாக்கர் என்ற வானியலாளர் கலிபோர்னியா நகரங்களுக்கு வெளியே வெவ்வேறு தூரங்களில் நின்று வானத்தின் வெளிச்சத்தை அளந்தார். அவர் கண்ட விதிப்படி, நகரத்திலிருந்து உள்ள தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வானத்தில் அது பூசும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆகவே, முதல் ஐம்பது கிலோமீட்டரில் பெரிதாக ஒன்றும் மாறவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். அடுத்த ஐம்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

ஆனால் தூரத்தைவிட முக்கியமானது திசை. புதிதாகப் போகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நூறு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் சென்னை அடிவானத்தில் ஒரு வெளிச்சக் குமிழாகத் தெரியும். நகரம் இருக்கும் திசையில்தான் அது வானத்தைக் கெடுக்கும், எதிர்த் திசை பெருமளவு தப்பித்துவிடும். நாம் இருப்பது 13 பாகை வட அட்சரேகையில். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும், கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒன்றேகால் முஷ்டி உயரம். வடக்கில் நமக்கு வானம் குறைச்சல். அள்ளிக்கொள்ள வேண்டியதெல்லாம் தெற்கே இருக்கிறது: அகத்தியர் நட்சத்திரம், தென்சிலுவை, விருச்சிகத்தின் வால், பால்வீதியின் நடுப்பகுதி. லண்டன்காரருக்கு அந்த நடுப்பகுதி அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், நமக்கோ பாதி வானம்வரை ஏறும். எனவே சென்னைக்காரர் செய்ய வேண்டியது எளிது. சென்னைக்குத் தெற்கிலோ தென்மேற்கிலோ போய், ஊரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தெற்கே பார்த்து உட்கார வேண்டும். வடக்கே நூறு கிலோமீட்டர் போய் நின்றால் தெற்கு வானம் முழுக்கச் சென்னை உட்கார்ந்திருக்கும். அதே டீசல், அதே தூக்கம், பாதிப் பலன்.

வானியலாளர் வைணு பாப்பு ஆய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும் இந்தத் தெற்கு வானம் ஒரு காரணம். 1960-களின் கடைசியில் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த இடத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? லைட் பொல்யூஷன் மேப் என்று தேடினால் உலகம் முழுவதற்குமான வண்ண வரைபடம் கிடைக்கும். அதில் சென்னை ஒரு பெரிய வெளிச்சப் புண் மாதிரி தெரியும். அதிலிருந்து கைகள் நீளும். ஒன்று ஜிஎஸ்டி சாலையோடு செங்கல்பட்டு வழியே, இன்னொன்று ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், வேலூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, மற்றொன்று வடக்கே கும்மிடிப்பூண்டிப் பக்கம். கைகளைப் பார்க்காமல் அவற்றின் இடுக்குகளைப் பாருங்கள். உத்திரமேரூர், வந்தவாசிப் பக்கத்து வயல்வெளிகள் அப்படி ஓர் இடுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் தாண்டி மரக்காணம்வரை இன்னொரு இடுக்கு. அவற்றையெல்லாம் விட இருட்டான பெரிய திட்டு ஜவ்வாது மலை.

இந்த வரைபடத்தில் ஒரு பொறி உண்டு. அதில் பல அடுக்குகள் இருக்கும். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்த தரை விளக்குகளைக் காட்டுவது ஓர் அடுக்கு. தரையில் நிற்பவருக்கு வானம் எவ்வளவு வெளுத்திருக்கும் என்று கணக்குப்போட்டுக் காட்டுவது இன்னோர் அடுக்கு, 2016-இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடம் அது. முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு, செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கறுப்புப் புள்ளி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. அங்கே விளக்கு இல்லைதான், ஆனால் தலைக்கு மேலே சென்னையின் வெளிச்சம் இருக்கிறது. இடம் தேட இரண்டாவது அடுக்கைப் பாருங்கள், பக்கத்தில் விளக்கு இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டும் முதலாவது. அந்தச் செயற்கைக்கோளின் கண்ணுக்கு நீல நிறம் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மஞ்சள் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்ஈடி மாட்டிய ஊர் வரைபடத்தில் மங்கியதுபோல் காட்டும், நேரில் வானம் முன்பைவிட வெளுத்திருக்கும்.

போர்ட்டில் அளவுகோல் என்ற பெயரும் அடிக்கடி கண்ணில் படும். ஜான் போர்ட்டில் என்ற அமெரிக்க வானோக்கர் 2001-இல் கொடுத்த ஒன்பது படிகள். ஒன்று என்றால் மாசற்ற இருட்டு, ஒன்பது என்றால் நகரத்தின் நடு. சென்னைவாசிகள் எட்டிலும் ஒன்பதிலும் குடியிருக்கிறோம். நான்குக்குப் போனாலே பால்வீதி பளிச்சென்று தெரியும். ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், முதல் தடவைக்கு நான்கு தாராளம்.

இனி அந்த மூன்று இடுக்குகள்.

கடற்கரைச் சாலை சுலபம். சென்னையிலிருந்து நூறு கிலோமீட்டரில் கடப்பாக்கம், அதையொட்டி ஆலம்பரைக் கோட்டை, இன்னும் கொஞ்சம் தெற்கே மரக்காணத்து உப்பளங்கள். கிழக்கும் தென்கிழக்கும் கடல். மீன்பிடிப் படகுகளின் விளக்கைத் தவிர அங்கே வேறு வெளிச்சம் கிடையாது. தெற்கிலும் தென்மேற்கிலும் புதுச்சேரியின் வெளிச்சம் கொஞ்சம் இருக்கும். குறை என்னவென்றால் ஈரம். உப்புக்காற்றில் கேமரா லென்சும் பைனாகுலரும் வேர்த்துப்போகும், அடிவானத்தை ஒட்டி எப்போதும் ஒரு மூட்டம். இறால் பண்ணை விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலைக்கு வேலூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர். போளூர் வழியாக ஏறினால் ஜமுனாமரத்தூர். எப்படிப் போனாலும் நான்கு, நாலரை மணி நேரம் பிடிக்கும். காவலூர் ஆய்வகம் நாம் விரிப்பு போட்டுப் படுக்கும் இடமல்ல, அங்கே வேலை நடக்கிறது. பொதுமக்கள் பார்வை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள், ராத்திரி அதன் பக்கத்தில் ஹெட்லைட் அடித்துக்கொண்டு சுற்றாதீர்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தங்கிக்கொள்ளலாம். அறை பதிவு செய்யும்போது வெந்நீர் உண்டா, சாப்பாடு உண்டா என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: ராத்திரி வெளிவிளக்கை அணைப்பீர்களா? காட்டுக்குள் வண்டியை நிறுத்தவே வேண்டாம். கரடி இருக்கிற காடு, வனத்துறை அனுமதியும் கிடையாது.

மலை என்றாலே இருட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலகிரி எனக்குப் பிடித்த ஊர், ஆனால் நட்சத்திரத்துக்காக அங்கே போக மாட்டேன். மேலே ரிசார்ட் விளக்கு, கீழே ஜோலார்பேட்டையும் வாணியம்பாடியும். ஏற்காட்டுக்குக் கீழே சேலம் கிடக்கிறது. கூட்டம் போகிற மலையில் வெளிச்சமும் கூடவே ஏறிவிடும். சேலம், நாமக்கல், திருச்சிக்காரர்கள் கொல்லிமலையைப் பார்க்கலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் வடிகட்டிவிடுகின்றன.

மூன்றாவது இடுக்குதான் என் கட்சி: ஏரிக்கரை. உத்திரமேரூர், வந்தவாசி வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. கரை தரையைவிட உயரம், முன்னால் நீர்ப்பரப்பு, மரம் மறைக்காது. தெற்கே தண்ணீரும் வடக்கே ஊரும் இருக்கிற கரையாகப் பார்க்க வேண்டும். கூகுள் மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு தடவையாவது பகலில் போய்ப் பார்த்துவிடுங்கள். செங்கல் சூளை, கோயில் கோபுரத்து ஃபிளட்லைட், புதிதாக முளைத்த பெட்ரோல் பங்க், இவையெல்லாம் வரைபடத்தில் வராது. வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, கரையில் முள் இருக்கிறதா, போன் சிக்னல் கிடைக்கிறதா என்பதும் பகலில்தான் தெரியும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்து, ராத்திரி வந்து வானம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பைத்தியம் என்று நினைப்பார்கள், பரவாயில்லை. திருடன் என்று நினைக்காமல் இருந்தால் போதும்.

இடத்துக்கு அடுத்தது நாள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் போய்விட்டது. இப்படி ஓர் இருட்டு இனி எப்போது கிடைக்கும் என்று மாடிக்குப் போனவர்களுக்கு ஏமாற்றம், ஏனென்றால் அடுத்த நாள் பௌர்ணமி. நிலா இருந்தால் எந்தக் காட்டுக்குப் போனாலும் பிரயோஜனமில்லை. சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். தேய்பிறை அஷ்டமி தாண்டிவிட்டால் நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் உதிக்கும், நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். முன்னிரவு முழுக்க நமக்கு. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறைவரையும் பழுதில்லை, சீக்கிரம் மறைந்துவிடும். அமாவாசை அன்றைக்கே போவதென்றால் செஞ்சிப் பக்கம் வேண்டாம். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் பஸ்ஸும் வேனும் நள்ளிரவிலும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, பேசிப் பயனில்லை. தையிலிருந்து பங்குனிவரை நல்ல காலம். மார்கழியில் வானம் சில நாள் கண்ணாடியாக இருக்கும், ஆனால் விடியற்காலைப் பனி எல்லாவற்றையும் மூடிவிடும். கிளம்பும் நாள் மாலை செயற்கைக்கோள் மேகப் படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மேகம் இருந்தால் வீட்டில் தூங்குங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒன்றும் தெரியவில்லையே என்று பதறாதீர்கள். இருட்டுக்குக் கண் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்களில் ஒரு நிறமி சேர வேண்டும், ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் திறந்தால் அதெல்லாம் கலைந்து மறுபடி முதலிலிருந்து. சிவப்பு ஒளி அவ்வளவாகக் கலைக்காது. பரிசுப்பெட்டியின் மேல் சுற்றிவருமே சிவப்புக் கண்ணாடித்தாள், அதை இரண்டு மடிப்பாக டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் தீர்ந்தது. கதவைத் திறந்தால் எரியும் காரின் உள்விளக்கை மறக்காமல் அணைத்துவையுங்கள், கூட வந்தவர்கள் திட்டுவது பெரும்பாலும் அதற்குத்தான். மங்கலான ஒன்றை நேராக முறைக்காமல் ஓரக்கண்ணால் பார்த்துப் பழகுங்கள். கண்ணின் நடுப்பகுதிக்கு இருட்டில் பார்வை குறைவு.

தொலைநோக்கி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பாயும் பைனாகுலரும் போதும். மாசி மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் அகத்தியர் நிற்பார். மேற்குப் பக்கம் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு எண்ண முடிந்தால் கண்ணும் வானமும் நன்றாக இருக்கின்றன. விடியற்காலை நான்கு மணிக்குத் தென்கிழக்கில் கேட்டை, அதற்குக் கீழே மூலத்தில் சுருளும் விருச்சிக வால், அதன் இடப்பக்கம் பால்வீதியின் தடித்த பகுதி. சித்திரை, வைகாசியில் முன்னிரவிலேயே தென்சிலுவை கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் இடப்பக்கத்தில், மூன்று முஷ்டி உயரத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால் உங்கள் இடம் தேறிவிட்டது. ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து அது. பல லட்சம் நட்சத்திரங்கள் ஒன்றாகச் சேர்ந்து அந்தத் துணுக்கு அளவுக்குத்தான் தெரிகின்றன.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது வரைபடத்தில் ஆகக் கறுப்பாக இருந்த புள்ளி. அது காப்புக்காட்டுக்குள் இருக்கிறது என்று சோதனைச்சாவடியில்தான் தெரிந்தது, திரும்பிவிட்டோம். இரண்டாவது தடவை வந்தவாசிப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை. மாசி மாதம், நான்கு பேர். கரை நல்ல கரைதான், ஆனால் கீழே வயலில் ஒரு மோட்டார் கொட்டகை, அதன் வாசலில் ஒரு வெள்ளை பல்பு நேராக எங்கள் முகத்தில். பகலில் வந்தபோது அது கண்ணிலேயே படவில்லை. பல்புக்கு முதுகைக் காட்டினால் தெற்கு வானம் போய்விடும். கைக்குட்டையால் பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மண்வெட்டியோடு ஒரு பெரியவர் கரைமேல் ஏறி வந்தார்.

"யாரு தம்பி, இந்நேரத்துல?"

நட்சத்திரம் பார்க்க வந்தோம் ஐயா என்றோம். அவர் ஒரு தடவை எங்களையும் ஒரு தடவை மேலேயும் பார்த்தார். ராத்திரியில்தான் மூன்று முனை கரண்ட் வருகிறது, தண்ணீர் பாய்ச்ச வந்தேன் என்றார். தயங்கித் தயங்கி அந்த பல்பைப் பற்றிச் சொன்னோம். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் பல்பு அணைந்தது. இருட்டு ஒரு போர்வை மாதிரி விழுந்தது. முதலில் தண்ணீர் பாயும் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஏரிக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன.

கீழேயிருந்து குரல் கேட்டது. "போறப்போ ஒரு குரல் குடுத்துட்டுப் போங்க தம்பி. வாய்க்கால்ல பாம்பு இருக்கும், லைட்டைப் போட்டுக்கணும்."